கயிறுகள் அல்ல

அன்புள்ள ஐயா,
முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போன இந்தியச் சிப்பாய்களுக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் மருத்துவமே அவ்வளவுதானே? இதுபற்றி எதை முதலில் படிக்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,
தேடிப் படிக்கிற பிள்ளை நீங்கள். ‘அந்தக் காலத்தில் அவ்வளவுதானே’ என்ற சோம்பேறி வாக்கியம் உங்களுக்கு எதற்கு?

அதே போரில், 1915இல், பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இங்கிலாந்தில் மருத்துவமனையாக மாற்றிய பிரைட்டன் அரண்மனையில் படுத்திருந்தார்கள். அறுவை அறை இருந்தது. அவரவர் சாதி, மதம் பார்த்துத் தனித்தனிச் சமையலறைகள்கூட இருந்தன. அது விளம்பரத்துக்காகவும்தான், சரி. ஆனால் செய்ய முடிந்தது அல்லவா?

அந்த ஆண்டு நவம்பரில் பாக்தாத் அருகே டெசிபோனில் சண்டை. சில நூறு பேர் காயம்படுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தொடை முறிந்தவனையும் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் இல்லாத கோவேறு கழுதை வண்டியில் போட்டு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மெஜிதியே என்ற நீராவிக் கப்பலிலும் அதோடு கட்டிய படகுகளிலுமாகச் சுமார் 600 பேர். பாஸ்ரா துறைமுகம் வந்துசேர 13 நாள்.

அது வந்ததைப் பார்த்தவர், அங்கே ஒரு மருத்துவமனைக் கப்பலில் இருந்த மேஜர் கார்ட்டர் என்ற மருத்துவர். தூரத்தில் கப்பலின் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதுபோலத் தெரிந்ததாம். கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது, அவை கயிறுகள் அல்ல, காய்ந்த மலம். எழுந்திருக்க முடியாதவர்கள் சீதபேதியோடு கிடந்த இடத்திலேயே கழித்தது.

மேலிடத்துக்குப் போன தந்தியோ, காயம்பட்டவர்களின் நிலை மிகவும் திருப்திகரம் என்றது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் அப்பா ஒரு மருத்துவமனை வராந்தாவில் தரையில் கிடந்தார். இரண்டு நாள் கட்டு மாற்றவில்லை. துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. நான் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கால்மாட்டில் தொங்கிய தாளில், அன்று காலைத் தேதியிட்டு, ‘நிலை திருப்திகரம்’. எழுதியவர் அவர் பக்கமே வரவில்லை. ஆகவே மருந்து இல்லை, காலம் அப்படி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. மருந்து இல்லை என்று உண்மையை எழுதியிருந்தால் மருந்து வந்திருக்கும். நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதினால் யார் அனுப்புவார்கள்?

கார்ட்டர் புகார் சொன்னார். கைது செய்வோம் என்று அதிகாரிகள் மிரட்டினார்கள். மனிதர் அடங்கவில்லை. 1917இல் வெளியான மெசபடோமியா விசாரணைக் குழு அறிக்கையில் அவருடைய சாட்சியம் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், தம்பி.