நூல் தெரியவில்லை, உதிரம் நிற்கவில்லை: காப்பர் டி சந்தேகங்கள்

கருத்தடை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றியவை என்பதால் இந்த முறை அதற்கு மட்டுமே பதில். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு இது எட்டாவது மாதம், இரண்டாவது குழந்தை. எழும்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறேன். டெலிவரி ஆனதும் காப்பர் டி போட்டுக்கொள்கிறாயா என்று நர்ஸம்மா கேட்டார். போட்டால் மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, வியாசர்பாடி

கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது. ஆனால் மாமியாரின் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. எப்போதாவது, போடும்போது கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி நடக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் போட்டால் இந்த ஆபத்து சற்றுக் கூடும். பிரசவமான கையோடு போடும்போது சுவர் தடிமனாக இருப்பதால் மிக அரிது.

பிரசவத்தோடு போடுவதென்றால் நஞ்சுக்கொடி வந்த 10 நிமிடத்துக்குள் போடுவது சிறந்தது. தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதையும் விட்டால் கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க 6 வாரம் காத்திருக்க வேண்டும். சிசேரியன் என்றால் தையலுக்கு முன்பே வைத்துவிடுவார்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, உதிரப்போக்கு கட்டுக்குள் வராவிட்டாலோ அன்றைக்குப் போடக் கூடாது.

இதில் உள்ள குறை, கழன்று விழும் வாய்ப்பு அதிகம் என்பது. பிரசவத்தோடு போட்டவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது முதல் சில மாதங்களில் நழுவிவிடுகிறது. ஆகவே ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். பால் குறையுமோ என்ற கவலை வேண்டாம். காப்பர் டியில் ஹார்மோன் எதுவும் இல்லை.

நர்ஸம்மா இப்போதே கேட்டது சரியான நேரம். வலியில் துடிக்கும்போது வாங்கும் சம்மதத்தை நாங்கள் சம்மதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. வேண்டும், வேண்டாம் எதுவானாலும் அடுத்த செக்கப்பில் சொல்லி உங்கள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

போடும்போது என்னதான் செய்வார்கள்? ரொம்ப வலிக்குமா? மாதவிலக்கு நாளில்தான் போட வேண்டுமா?
– வாசகி, வேளச்சேரி

கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் போடலாம். மாதவிலக்கு வந்த முதல் 12 நாட்களுக்குள் என்றால் அந்த உறுதி எளிதாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் அப்படி வந்தவர்களுக்குத்தான்.

முதலில் கைவிட்டுப் பார்த்து கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று தெரிந்துகொள்வார்கள். இதை அவசரத்தில் தாண்டிவிடுவதுதான் துளைபடுவதற்கு முக்கியக் காரணம். பிறகு பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயை அயோடின் மருந்தால் துடைத்து, ஒரு கொக்கிக் கருவியால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சுருக்கென்று இருக்கும். அடுத்து மெல்லிய அளவுகோல் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பார்கள். பொதுவாக 6 முதல் 9 சென்டிமீட்டர் இருக்கும். 6-க்குக் குறைந்தால் போடுவதில்லை.

காப்பர் டி 380ஏ என்பது 36 மில்லிமீட்டர் உயரமும் 32 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிளாஸ்டிக் சட்டம். தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரு கைகளிலும் செம்புப் பட்டை இருக்கும். மொத்தச் செம்புப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர், பெயரில் உள்ள எண் அதுதான். உறையைப் பிரிக்காமலே கைகளை மடக்கிக் குழாய்க்குள் செருகுவார்கள். 5 நிமிடத்துக்கு மேல் மடங்கியே கிடந்தால் உள்ளே போனபின் கைகள் சரியாக விரியாது. அதனால் ஆழம் பார்த்த பிறகுதான் செருக வேண்டும்.

குழாய் மேல் சுவரை நெருங்கியதும் உள்கம்பியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் பின்னால் இழுத்தால் கைகள் விரியும். கம்பியைத் தள்ளினால் சுவரைக் குத்தும். கடைசியில், காப்பர் டியின் அடியிலிருந்து கர்ப்பப்பை வாய்க்கு வெளியே தொங்கும் நூலை 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். எல்லாம் பத்து நிமிட வேலை.

வலி, மாதவிலக்கின் கடுமையான நாளைப்போல் சில நிமிடம் இருக்கும். குழந்தை பெறாதவர்களுக்குக் கூடுதலாக இருக்கும். தாங்க முடியாது என்று தோன்றினால் மரத்துப்போகும் ஊசி கேட்கத் தயங்காதீர்கள். 'இதுக்கெல்லாமா ஊசி' என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். முடிந்ததும் கால் மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்திருங்கள்.

வீட்டுக்கு வருமுன் என்ன ரகம், எந்தத் தேதி, எப்போது எடுக்க வேண்டும் என்று மூன்றையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் இரண்டு ரகம் இலவசமாகக் கிடைக்கிறது: 380ஏ 10 வருடத்துக்கு, 375 என்பது 5 வருடத்துக்கு. எதைப் போட்டார்கள் என்று தெரியாமல் வருகிறவர்கள் மிக அதிகம்.

போட்டு மூன்று மாதம் ஆகிறது. முன்பு நான்கு நாளில் நிற்கும், இப்போது எட்டு நாள் போகிறது. எடுத்துவிடலாமா?
– வாசகி, பெரம்பூர்

முதல் 3 முதல் 6 மாதம் வரை உதிரம் கூடுதலாகப் போவதும் இடுப்பு வலியும் எதிர்பார்க்கக்கூடியவை. பலருக்கு அதன்பின் குறைந்துவிடும். உதிரம் தொடங்கிய நாளிலிருந்து ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்டபின் காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள் எடுத்தால் கட்டுப்படும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம், உதிரத்தை அது கூட்டும். டிரானெக்ஸாமிக் அமிலம் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் டாக்டர் பார்த்துத்தான் எழுதித் தர வேண்டும்.

நாள் கணக்கைவிட முக்கியமானது ஹீமோகுளோபின். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். 12-க்குக் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள். டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், அல்லது மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு மாதமாகியும் குறையாவிட்டால் எடுத்துவிட்டு வேறு முறைக்கு மாறலாம். ஏற்கெனவே மாதவிலக்கில் அதிகம் போகிறவர்களுக்கு நாங்கள் காப்பர் டியைப் பரிந்துரைப்பதே இல்லை. அவர்களுக்குக் கர்ப்பப்பைக்குள்ளேயே வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்துள்ள சாதனம் பொருந்தும், உதிரத்தையும் அது குறைக்கும். விலைதான் இடிக்கும்.

நூல் குத்துகிறது என்கிறார் கணவர்.
– வாசகி, முகப்பேர்

ஒட்ட வெட்டியிருப்பார்கள். குட்டையான நூல்தான் விறைப்பாக நிற்கும். நீளமாக விட்டால் கர்ப்பப்பை வாயைச் சுற்றி மடங்கிப் படிந்துவிடும். ஒருமுறை காட்டுங்கள், மடக்கி உள்ளே ஒதுக்கிவிடலாம்.

இதுவரை கைக்குத் தட்டுப்பட்ட நூல் இந்த மாதம் தட்டுப்படவில்லை. நழுவிவிட்டதா?
– வாசகி, திருவொற்றியூர்

நழுவியிருக்கலாம், நூல் மேலே சுருண்டிருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். விடை தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

கர்ப்பம் இல்லையென்றால் ஸ்கேன் போதும். கர்ப்பப்பைக்குள் ஒழுங்காக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஸ்கேனில் தெரியாவிட்டால் 'விழுந்திருக்கும்' என்று சொல்லி அனுப்புவதை ஏற்காதீர்கள், வயிற்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அந்த பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் சேர்த்திருக்கிறார்கள். அதிலும் இல்லையென்றால்தான் வெளியே விழுந்தது உறுதி. கர்ப்பப்பைக்கு வெளியே வயிற்றில் தெரிந்தால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுக்கலாம்.

காப்பர் டி இருக்கும்போதே கர்ப்பமானால் நாள் கடத்தாதீர்கள். அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம். நாள் தள்ளிப்போய் ஒருபக்கம் அடிவயிறு வலித்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பப்பைக்குள்ளேயே கர்ப்பம் இருந்து, நூலும் தெரிந்தால், குழந்தையை வைத்துக்கொள்வதானாலும் காப்பர் டியைச் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது. விட்டுவைத்தால் கருச்சிதைவும் கிருமித்தொற்றும் கூடும்.

மூன்று நாள் முன்பு ஆணுறை கிழிந்துவிட்டது. மாத்திரை போட நேரம் கடந்துவிட்டதா? காப்பர் டி உதவும் என்றார் தோழி. அது கருக்கலைப்பு ஆகாதா?
– வாசகி, தரமணி

தோழி சொன்னது சரி. 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். காப்பர் டியை 5 நாள்வரை போடலாம். இவ்வழியில் தவறுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதோடு அடுத்த பத்து வருடத்துக்கும் பாதுகாப்பாகிறது. செம்பு முக்கியமாக விந்தணுவைச் செயலிழக்க வைத்துக் கருவே உண்டாகாமல் தடுக்கிறது. பதிந்துவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. இந்தக் கடிதம் அச்சாகும்போது உங்கள் ஐந்து நாள் கடந்திருக்கும். தேதி தள்ளிப்போனால் பரிசோதித்துப் பாருங்கள். இதுபோல் அவசரம் என்றால் பத்திரிகைக்கு எழுதாமல் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள்.

வயது 51. 42-ல் போட்டது. மாதவிலக்கு நின்று நான்கு மாதம் ஆகிறது. இப்போது எடுக்கலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

கடைசி மாதவிலக்கிலிருந்து ஒரு வருடம் முடியட்டும், பிறகு எடுக்கலாம். 40-க்கு மேல் போட்ட 380ஏ ரகத்தை மாதவிலக்கு முற்றிலும் நிற்கும்வரை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு துளி உதிரம் பட்டாலும் காப்பர் டியின் மேல் பழியைப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.