வால் அறுந்த கெண்டை: கேட்டவங்க எல்லாருக்கும் மொத்தமா பதில்

மூணு வருஷமா ஒரே ஏரியில ஒரே சாதா கெண்டை பின்னாடி அலைஞ்சு, போன மாசம் தை கடைசியில ஒருவழியா பிடிச்சேன். வால்ல மேல் பாதி கிடையாது, எப்பவோ வலையில அறுந்திருக்கும்னு நினைக்கறேன். 11 கிலோ. போட்டோ எடுத்துட்டு திரும்ப தண்ணியிலயே விட்டுட்டேன்னு சொன்னதுதான் தப்பு, அன்னிலேருந்து போன் ஓயல. ஒவ்வொருத்தருக்கா பதில் சொன்னா என் வெல்டிங் கடையை யாரு பாக்கறது, அதான் இன்னிக்கு ஷட்டரை இறக்கிட்டு மொத்தமா உக்காந்துட்டேன். யார் பேரும் போடல, ஊர் மட்டும்.

விருத்தாசலம்: அண்ணே எந்த ஏரின்னு மட்டும் சொல்லவே மாட்றீங்களே?

சொல்ல மாட்டேன் தம்பி. கடலூருக்கு மேக்கால ஒரு குத்தகை ஏரி, அதுக்கு மேல என் பொண்டாட்டிக்கே தெரியாது. ஆனா உனக்கு ஏரியா இல்ல? குறிஞ்சிப்பாடி பக்கம் பெருமாள் ஏரி இருக்கு, உனக்கு கிட்டக்க திட்டக்குடி வெலிங்டன் ஏரி இருக்கு, அந்தப் பக்கம் வீராணம், கரை மட்டுமே 16 கிலோமீட்டர் நீளம், பாண்டி பக்கம்னா பாகூர் ஏரி. எங்க போனாலும் முதல்ல மீன் பாசி குத்தகை, அதாவது அந்த ஏரியில மீன் வளத்துப் பிடிக்கற உரிமை, யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காரு. குஞ்சு விட்டு காசு போட்டவன் அவன், நாம பொழுதுபோக்குக்கு போறோம், வாய் விட்டு கேட்டா பெரும்பாலும் சரிங்கறாங்க, நான் மாசத்துக்கு ஒரு தொகை கொடுத்துடறேன். ஊசுட்டேரிக்கு மட்டும் தூண்டில் தூக்கிட்டு போயிடாத, 2008லயே பறவை சரணாலயம்னு அறிவிச்சாச்சு, அங்க பைனாகுலரோட போ.

நெல்லிக்குப்பம்: கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை எல்லாம் ஒண்ணுதானே, ஒரே மாதிரி தூண்டில் போட்டா போதாதா?

குடும்பம் ஒண்ணு, சாப்பாட்டு மேசை வேற வேற. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், தலை பெருசு, மேல் தண்ணியில மிதக்கற நுண்ணுயிரை வடிகட்டி தின்னும். ரோகு நடுத்தண்ணி. மிர்காலும் சாதா கெண்டையும் அடி, சேத்தை கிளறி தின்னும். அதனாலதான் பண்ணைக்காரங்க எல்லாத்தையும் ஒரே குட்டையில கலந்து விடறாங்க, ஒண்ணோட சோத்துல ஒண்ணு பெரும்பாலும் கை வைக்காது. சாதா கெண்டையை பாத்த உடனே கண்டுபிடிக்கணும்னா வாயோரம் பாரு, மேலுதட்டுல ரெண்டு பக்கமும் சேத்து நாலு மீசை இருக்கும். இன்னொண்ணு, இதுங்களுக்கு வாயில பல்லே கிடையாது, தொண்டைக்குள்ளதான் பல்லு. உறிஞ்சும், ருசி பாக்கும், சந்தேகமா இருந்தா துப்பிடும், எல்லாம் ஒரு நொடிக்குள்ள. இதை மனசுல வெச்சுக்க, அடுத்த கேள்விக்கு வேணும்.

லாஸ்பேட்டை: சார், மைதா மாவு போட்டாலும் மண்புழு போட்டாலும் ஜிலேபி மீன்தான் வருது. பெரிய மீன் கிட்டயே வர மாட்டேங்குது. என்ன இரை போடறீங்க?

வாங்க, இதைத்தான் பத்து பேர் கேட்டிருக்காங்க. ஜிலேபி 1952ல நம்ம நாட்டுக்குள்ள கொண்டு வந்து விட்டது, இப்ப அது இல்லாத குட்டையே இல்ல, மெத்துன்னு எது போட்டாலும் ரெண்டு நிமிஷத்துல மொய்ச்சு உருவிட்டு போயிடும், பெரிய கெண்டை மெதுவா யோசிச்சு யோசிச்சு வர்ற ஆளு, அது வர்றதுக்குள்ள உங்க தூண்டில் முள்ளு மொட்டையா கிடக்கும். அதனால ஜிலேபி வாய்க்கு அடங்காத மாதிரி கெட்டியா, பெருசா போடணும்.

நான் போடறது மக்காச்சோளம், காஞ்சது, கோழித்தீவனக் கடையில கிடைக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவெச்சு, அரை மணிக்கு மேல வேகவெச்சு, அந்த தண்ணியோடயே ரெண்டு நாள் மூடி வெச்சிடுவேன், லேசா புளிச்சு கொழகொழன்னு ஒரு வாசம் வரும், வீட்டுக்குள்ள வைக்க முடியாது, மாடியில தண்ணி டேங்க் பக்கம். கொண்டைக்கடலையும் இதே மாதிரிதான். வேகாத தானியத்தை ஏரியில கொட்டாதீங்க, மீன் வயித்துக்குள்ள போய் ஊதும்.

இப்ப முள்ளு. சோளத்தை முள்ளுல குத்தவே கூடாது. வெளிநாட்டுக்காரன் ஹேர் ரிக்னு சொல்றான், 1980 வாக்குல இங்கிலாந்துல கண்டுபிடிச்சது. முள்ளோட வளைவுக்கு கீழ ஒரு முக்கால் இஞ்சு தையல் நூல் தொங்கணும், நூல் நுனியில சின்ன கண்ணி. மெல்லிசான குரோஷா ஊசியில ரெண்டு சோளத்தை கோத்து, அந்த கண்ணியை ஊசியோட கொக்கியில மாட்டி இழுத்தா சோளம் நூலுக்கு மாறிடும், அது நழுவாம இருக்க கண்ணிக்குள்ள கடுகளவு ஈர்க்குச்சி துண்டு ஒண்ணு, நம்ம தென்னந்துடைப்பத்துல உருவினதுதான். முள்ளு வெறுமனே தனியா நிக்கும். கெண்டை வந்து சோளத்தை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ள போகும், துப்பும்போது சோளம் வெளிய வந்துடும், முள்ளு கீழுதட்டுல பிடிச்சுக்கும். லைன்ல 70, 80 கிராம் ஈயம் இருந்தா அந்த கனத்துலயே குத்திக்கும், நீங்க டீ குடிச்சிட்டு இருக்கலாம்.

கட்லாவுக்கு இது வேலை செய்யாது. அதுக்கு கடலைப் பிண்ணாக்கு, பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் ஏலக்காய் தட்டிப்போட்டு உருண்டை பிடிச்சு, தண்ணியில தூளா கரையற மாதிரி விட்டாதான் வரும். அது தனி வித்தை, என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க பாகூர் பக்கம் இருக்காங்க.

காட்டுமன்னார்கோயில்: எந்த நேரத்துக்கு, எந்த இடத்துல உக்காரணும்? நான் மதகுகிட்டதான் உக்காருவேன்.

மதகுகிட்ட எல்லாரும்தான் உக்காருவாங்க அண்ணே, சைக்கிள் நிறுத்த வசதி. உங்க வீராணத்துலயே பாருங்க, கீழணையிலேருந்து வடவாறு வழியா புதுத்தண்ணி வரும்போது மீன் எந்தப் பக்கம் ஏறுது? வரத்து வாய்க்கால் பக்கம். வடகிழக்கு மழை ஆரம்பிச்ச புதுசுல நானும் அங்கதான் இருப்பேன். மத்த நாள்ல காத்தைப் பாப்பேன். நம்ம பக்கம் மதியத்துக்கு மேல கடல்காத்து கிளம்பிடும் இல்ல, கிழக்கேருந்து அடிச்சா மேல தண்ணியில இருக்கற தூசி தும்பு தீனி எல்லாம் மேற்குக் கரைக்கு ஒதுங்கும், மீனும் பின்னாடியே வரும். விடியறதுக்கு முன்னாடி தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப கம்மி, ராத்திரி பூரா பாசியும் சேந்து இழுத்துடும், அப்ப மீன் தின்னாது. சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழிச்சு பாருங்க.

ஆனா இதெல்லாம் விட ஒரு விஷயம். முதல் வருஷம் ஒரு மாசம் பூரா நான் தூண்டிலே எடுத்துட்டு போகல. சும்மா கரையில உக்காந்து பாத்தேன். சாதா கெண்டை சேத்தை கிளறினா சோடா பாட்டில் திறந்த மாதிரி சின்னச் சின்ன குமிழி, கொத்துக் கொத்தா, ஒரு கோடு போட்டா மாதிரி நகர்ந்து நகர்ந்து வரும். ஒரே இடத்துல நின்னு வர்ற குமிழி வெறும் சேத்து வாயு, அது நகராது. அப்படி பாத்ததுல அல்லிக்கொடி முடியற இடத்துல ஒரு சின்ன மேடு, தெனம் சாயங்காலம் அஞ்சரைக்கு அந்த கோடு அங்க வந்து நிக்கும், அப்பதான் ஒரு நாள் தண்ணிக்கு மேல அந்த அறுந்த வாலைப் பாத்தேன். அதுக்கப்புறம் தூண்டில் எடுத்தா அந்த மேட்டுக்கு மட்டும்தான். போறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் தெனம் ரெண்டு கிலோ வெந்த சோளம் அங்க தூவிடுவேன், அதுக்கு மேல போட்டா தின்னு முடிக்காது, அழுகி நாறும்.

பண்ருட்டி: ராடு ரீல் எல்லாம் எவ்வளவு ஆகும்?

கையில இருக்கறதை வெச்சு ஆரம்பி. 0.35 எம்எம் தூண்டில் நரம்பு, நல்ல முள்ளு, இந்த ரெண்டுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காத. மீன் மாட்டினா தெரியறதுக்கு நான் ராடு நுனியில கட்டியிருக்கறது என் பொண்ணோட பழைய கொலுசு சலங்கை.

சேத்தியாத்தோப்பு: பெருசு மாட்டுது அண்ணே, ஆனா கரைக்கு வர்றதுக்குள்ள அறுத்துட்டு போயிடுது.

எனக்கும் போச்சு. போன வருஷம் ஆவணியில இதே வால் அறுந்தது மாட்டி, இருவது நிமிஷம் இழுத்து, கிட்டக்க கொண்டு வந்து அதோட முதுகு வரைக்கும் பாத்துட்டேன், டக்குன்னு கை லேசாயிடுச்சு. நரம்பை இழுத்துப் பாத்தா நுனி சுருட்டை சுருட்டையா, பன்னி வால் மாதிரி. அறுந்திருந்தா நுனி நேரா இருக்கும், சுருண்டிருந்தா முடிச்சு அவுந்திருக்குன்னு அர்த்தம். காலையில அவசரத்துல முடிச்சை எச்சில் தொடாம காஞ்சபடியே இழுத்து இறுக்கினேன், சூட்டுல நரம்பு வீக் ஆகி சரியா உக்காரல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு சொட்டு எச்சில். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கூடவும் பேசல.

இன்னொண்ணு டிராக், மீன் இழுத்தா நரம்பை எவ்வளவு சுலபமா விடணும்னு ரீல்ல வைக்கற பிரேக். ரீல்ல டிராக்கை டைட் பண்ணி வெச்சுட்டு மல்லுக்கட்டாதீங்க. முதல் ஓட்டத்துல அது எங்க வேணா ஓடட்டும், ராடை மட்டும் வளைவா நிமித்தி பிடிங்க, அது நின்னா நீங்க சுத்துங்க, அது ஓடினா விடுங்க. கரையைப் பாத்ததும் கடைசியா ஒரு பாய்ச்சல் பாயும் பாருங்க, நிறைய பேர் தோக்கறது அங்கதான்.

முத்தியால்பேட்டை: யூடியூப்ல வெள்ளைக்காரங்க டென்ட் போட்டு ராத்திரியெல்லாம் உக்காந்து, பிடிச்ச மீனுக்கு முத்தம் கொடுத்து விடறாங்களே, அது எப்ப ஆரம்பிச்சது?

முத்தம் எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாதும்மா, நான் கொடுக்கல. ஆனா பெரிய கெண்டை பைத்தியம் அங்க தலைக்கேறினது 1952 செப்டம்பர்ல, ஆமா நம்ம ஊருக்கு ஜிலேபி வந்த அதே வருஷம். இங்கிலாந்துல ரெட்மயர்னு ஒரு சின்ன குளத்துல ரிச்சர்ட் வாக்கர்னு ஒரு தூண்டில்காரர் 44 பவுண்டு, கிட்டத்தட்ட 20 கிலோ, சாதா கெண்டை பிடிச்சாரு. அதுவரைக்கும் பெரிய கெண்டையை தூண்டில்ல பிடிக்கவே முடியாதுன்னு பேச்சு. அந்த மீனை லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு கொடுத்தாங்க, 1971 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. மீன் இழுத்தா சத்தம் போடற எலக்ட்ரிக் அலாரம் செஞ்சதும் அவருதான், என் கொலுசு சலங்கைக்கு பெரியப்பா மாதிரி.

வில்லியனூர்: 11 கிலோ மீனை விட்டுட்டு வந்தீங்களே, வீட்ல திட்டலையா?

திட்டினாங்க. அன்னிக்கு ராத்திரி கருவாட்டுக் குழம்புதான். என் கணக்கு என்னன்னா, கட்லா ரோகு பிடிச்சா நான் எடுத்துட்டு வந்துடுவேன், ஏன்னா அதுங்க மழை வெள்ளத்துல ஆத்து ஓட்டத்துலதான் முட்டை விடும், தேங்கின ஏரியில விடாது. 1957 ஜூலை 10ல ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கற மீன் விஞ்ஞானி ஊசி போட்டு முட்டையிட வெச்சதுக்கு அப்புறம்தான் குஞ்சு ஈசியா கிடைக்குது, ஏரியில நீங்க பாக்கற ஒவ்வொரு கட்லாவும் யாரோ வாங்கி விட்டது. சாதா கெண்டை அப்படி இல்ல, வெளிநாட்டு மீனா இருந்தாலும் நம்ம ஏரியிலயே கொடியில முட்டை ஒட்ட வைக்கும். அதை விட்டா ஏரிக்கு லாபம்னு எல்லாம் நான் சொல்லல, சேத்தை கிளறி தண்ணியை கலக்கற மீன் அது. மூணு வருஷம் பாத்த முகம், வெட்ட மனசு வரல, அவ்ளோதான்.

விடறதா இருந்தா ஒழுங்கா விடுங்க. கையை நனைச்சுட்டு தொடணும், இல்லன்னா மேல இருக்கற வழவழப்பு போயிடும். நனைச்ச கோணி மேல படுக்க வைங்க, செவுள்ல விரல் விட்டு தூக்காதீங்க, தண்ணிக்குள்ள நிமித்திப் பிடிச்சு அதுவா உதறிட்டு போற வரைக்கும் இருங்க.

அரியாங்குப்பம்: தராசு இல்லாம எடை போட முடியுமா?

டெய்லர் டேப் போதும். வயித்து சுத்தளவை சென்டிமீட்டர்ல அளந்து அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 29,000ஆல வகு, கிலோ வந்துடும். என்னுது நீளம் 82, சுத்து 63, கணக்குல 11.2 வந்துச்சு, தராசுல 11 கிலோ 50 கிராம். தராசைத்தான் நம்பினேன், வருத்தத்தோட.

கடலூர் முதுநகர்: வஞ்சிரமும் சங்கராவும் இறங்கற ஊர்ல இருந்துகிட்டு மண்ணு வாசம் அடிக்கற ஏரி மீனுக்கு இவ்ளோ அலட்டலா?

மாமா, நீங்க இதைக் கேப்பீங்கன்னு தெரியும். மண்ணு வாசம் மண்ணால இல்ல, தண்ணியில இருக்கற ஒருவகை பாசியும் பாக்டீரியாவும் விடற சத்து. புளிப்பு பட்டா உடைஞ்சிடும், அதான் ஏரி மீனை மோர்லயோ புளித்தண்ணியிலயோ அலசறது. பொங்கலுக்கு நீங்க சாப்பிட்டது ரோகு, வஞ்சிரம்னு சொல்லி போட்டோம்.

திருப்பாதிரிப்புலியூர்: பையன் பத்தாவது படிக்கறான், வரேங்கறான், கூட்டிட்டு போகலாமா?

நீச்சல் தெரிஞ்சா மட்டும். வண்டல் எடுத்த குழி தண்ணிக்குள்ள தெரியாது. கார்பன் ராடுல கரண்ட் பாயும், கரண்ட் கம்பி போற இடத்துல தூக்கி வீசக் கூடாது, இடி இடிச்சா கீழ வெச்சுட்டு ஓடி வந்துடணும்.

புவனகிரி: வால் அறுந்தது மறுபடி மாட்டுமா அண்ணே?

ஒரு தடவை முள்ளு பட்ட கெண்டை ரொம்ப நாளைக்கு உஷாரா இருக்கும், அது எனக்கு ரெண்டு தடவை பட்டிருக்கு, அதனால அந்த மேட்டுல இனிமே சோளம் எடுபடாது. ஆனா விஷயம் அது இல்ல. சித்திரையில தண்ணி வத்தினதும் குத்தகைக்காரர் பெரிய வலை விடுவாரு, வருஷா வருஷம் அது எப்படியோ கொடிக்குள்ள பூந்து தப்பிச்சிருக்கு, இந்த வருஷம் மழை கம்மி, கொடியும் பாதி காஞ்சு கிடக்கு. போன ஞாயித்துக்கிழமை போய், வால் அறுந்தது ஒண்ணு வலையில வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, சந்தை ரேட்டுக்கே எடுத்துக்கறேன்னு சொன்னேன். "எடுத்து?"ன்னாரு. எதிர்ல இருக்கற கோயில் குளத்துல விடலாம்னு இருக்கேன்னேன். மேலயும் கீழயும் பாத்துட்டு நம்பரை வாங்கி சிகரெட் அட்டையில எழுதிக்கிட்டாரு.