முழங்கால் வலியோடு நுவரெலியாவில் கோல்ஃப்

வணக்கம். யாழ்ப்பாணத்துச் சமதரையில் நடந்து பழகிய, முழங்கால் வலியுள்ள உங்கள் தந்தையார் சித்திரை விடுமுறையில் நுவரெலியாவில் பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பதோடு நிறுத்துவதே நல்லது என்பேன். ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும், முழங்காலை உண்மையில் வருத்துவது இறக்கமே. 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகம் வெளியாரையும் கட்டணத்துக்கு ஆட விடுகிறது என்றாலும், சித்திரை நெரிசலான காலம் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் இடம் கேட்டு, பை சுமக்கும் உதவியாளர் ஒருவரையும் ஒழுங்கு செய்யுங்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து வழமையைவிடத் தூரம் போகும். காலைக் குளிர் அதில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். மரங்கள் நெருங்கிய ஒடுங்கிய பாதைகளில் (கண்ணுக்கு அழகுதான், பந்துக்கு அல்ல) நேரே அடிப்பதே முக்கியம். பிற்பகலில் மழை வரக்கூடும், ஆகையால் காலையிலேயே தொடங்குங்கள்.