ஹெர்மிஸும் ஒரு பித்தளைக் குமிழும் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

கல்லடிக் கடலைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் பிறந்தது கனடாவின் ஸ்காபரோவில், அம்மாவின் ஊர் மட்டக்களப்பு. போன வருடம் ஊருக்கு வந்தபோது, 1942இல் ஜப்பான்காரர்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு டைவிங் போனேன். அதைப் பற்றி ஒரு காணொளி செய்யப்போகிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். விமானந்தாங்கிக் கப்பலை ஒரு விமானம்கூட இல்லாமல் கடலுக்குக் கொண்டுபோன கப்டன் எவ்வளவு பெரிய முட்டாள்? விமானங்கள் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்குமா? மற்றது, ஜப்பான்காரர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இலங்கையைப் பிடிக்காமல் ஏன் திரும்பினார்கள்? கப்பலில் இருந்து ஒரு சின்னப் பித்தளைக் குமிழை எடுத்து வந்திருக்கிறேன். அம்மப்பாவின் ஊர் ஞாபகமாக மேசையில் வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

பிரணவன்

அன்புள்ள பிரணவன்,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பான் இலங்கையைப் பிடிக்க வரவில்லை. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையை அடிக்க வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். படை இறக்கும் கப்பல்கள் அவர்களோடு வரவே இல்லை. இது அன்றைக்குக் கரையில் இருந்த யாருக்கும் தெரியாது. அங்கே சென்னையில் பாதி நகரம் காலியாகி, மிருகக்காட்சிசாலையின் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொல்லும் அளவுக்குப் பீதி பிடித்திருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பார்க்கலாம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் ஹெர்மிஸைப் பற்றிக் கதையெடுத்து, "தோட்டா இல்லாத துவக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அது எனக்குள் கிடந்து குமைகிறது. இப்போது நீங்கள் வந்து அகப்பட்டிருக்கிறீர்கள்.

"முட்டாள்" என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ கப்பலோடு போனவர், பதில் சொல்ல அவர் இல்லை. விமானங்களைக் கரையில் விட்டது அவருடைய மறதி என்று நினைக்கிறீர்களா? மடகஸ்காரில் படை இறக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு ஆயத்தப்படுத்தத்தான் ஹெர்மிஸைத் திருகோணமலைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் 814ஆம் அணி விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. அதே நாளில் டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய குரூசர்களும் கடலில் மூழ்கின. 8ஆம் திகதி அடுத்த எச்சரிக்கை வந்தது: அடுத்தது திருகோணமலை. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் கப்பலுக்கு என்ன நடக்கும் என்பதை பேர்ள் ஹார்பர் நாலு மாதத்துக்கு முன்தான் காட்டியிருந்தது. ஓடக்கூடிய கப்பல்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். ஹெர்மிஸும் வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றிரவு கரையை ஒட்டித் தெற்கே இறங்கின. நீங்களோ நானோ அந்தக் கப்பலில் நின்றிருந்தால் வேறென்ன செய்திருப்போம்?

சரி, விமானங்கள் கப்பலில் இருந்திருந்தால்? காணொளி செய்கிறவர்கள் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்த விமானங்களின் பெயர் ஸ்வோர்ட்ஃபிஷ். இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, திறந்த இருக்கையில் மூன்று பேர். முக்கித் தள்ளினாலும் மணிக்கு 220 கிலோமீட்டரைச் சுற்றித்தான் வேகம். கீழே டோர்பிடோவைக் கட்டிக்கொண்டு போய்க் கப்பலை அடிக்க, நீர்மூழ்கியைத் தேட, கடலை வேவு பார்க்கச் செய்த விமானம் அது. அந்த வேலைகளில் அது பேர் வாங்கிய விமானம். ஆனால் வானத்தில் வரும் எதிரி விமானத்தை மறித்துச் சண்டை பிடிக்க அதனால் முடியாது. அன்று வந்தவர்கள் யார்? ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அணியில் ஐந்து பெரிய விமானந்தாங்கிகள் இருந்தன. ஹெர்மிஸைத் தேடிக் கிளம்பியவை 85 குண்டுவீச்சு விமானங்கள், துணைக்கு ஸீரோ போர்விமானங்கள். ஒரு டசின் ஸ்வோர்ட்ஃபிஷ் அங்கே நின்று என்ன செய்திருக்கும்? கொட்டகைக்குள் பெற்றோலும் டோர்பிடோவுமாக நிறைந்திருந்தால் கப்பல் இன்னும் வேகமாக எரிந்திருக்கும். விமானம் இல்லாமல் போனதால் எத்தனையோ விமானிகளும் பழுதுபார்ப்பவர்களும் கரையில் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் படுவது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கரையில் இருந்து வந்து காக்க வேண்டிய போர்விமானங்கள் எங்கே? சீனக்குடா விமானத்தளத்தின் ஹரிக்கேன்கள் 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு மேலேயே சண்டையிட்டு ஓய்ந்திருந்தன. துறைமுகத் தாக்குதல் முடிந்ததும் ஹெர்மிஸ் வடக்கே திரும்பியது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. பத்தரைக்குப் பிறகுதான் முதல் குண்டு. இடையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது தம்பி! ஃபுல்மார் போர்விமானங்கள் வந்தன, ஆனால் கப்பலைக் காப்பாற்றும் நேரத்துக்கு வரவில்லை. கப்பலில் இருந்த விமான எதிர்ப்புத் துவக்குகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. விமானங்களை ஏற்றி இறக்கும் முன்பக்க லிஃப்டையே ஒரு குண்டு பெயர்த்து எறிந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. 307 பேர். அதன் பிறகு வம்பயரும் போனது.

பந்தியில் சிரித்தவர்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி, ஹெர்மிஸ் என்றால் அந்த இருபது நிமிடம்தான். எனக்குக் கோபம் வருவது இதில்தான். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது, 1918இல். கட்டி முடிக்க ஆறு வருடம் இழுத்ததால் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது. அந்த ஜப்பானியக் கடற்படைக்கு விமானக்கலை சொல்லிக்கொடுக்க 1921இல் போனதும் ஒரு பிரிட்டிஷ் குழுதான்! யுத்தம் தொடங்கியபோது ஹெர்மிஸ் பழைய கப்பல், சின்னக் கப்பல், 10,850 தொன், இருபது விமானங்களுக்கே இடம். புதிய பெரிய கப்பல்கள் செய்தித்தாளில் வரும் வேலைகளுக்குப் போக, இதற்குக் கிடைத்தது மிச்ச வேலை. பிரிட்டனின் மேற்குக் கடலில் நீர்மூழ்கி தேடியது. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றோடு சேர்ந்து அத்திலாந்திக்கில் கிராஃப் ஸ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தேடியது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு, 1940 ஜூலையில் இதன் ஸ்வோர்ட்ஃபிஷ்கள்தான் மேற்கு ஆபிரிக்காவின் டாக்காரில் ரிஷலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை டோர்பிடோவால் அடித்து முடக்கின. இரண்டு நாளில் மழை இருட்டில் தன் பக்கத்துக் கப்பல் ஒன்றோடேயே மோதி, மூக்குடைந்து தென்னாபிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் மாதக்கணக்கில் கிடந்தது. அடுத்த வருடம் சோமாலியாக் கரையில் கிஸ்மாயு, பிறகு ஈராக் சண்டைக்குப் பாரசீக வளைகுடா. மற்ற நாட்களில் இந்து சமுத்திரத்தில் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு ரோந்து. இரண்டரை வருடம் இப்படி உழைத்ததைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா?

இப்போது அந்தக் குமிழ்.

என் மாமா பாலமீன்மடுவில் இருந்து வள்ளம் விட்டவர். 78 சூறாவளிக்கு முந்திய காலம். பள்ளி விடுமுறையில் என்னைக் கூட்டிப்போவார். கரையில் இருந்து ஐந்து கடல் மைல் போனதும் வெளிச்சவீட்டையும் தென்னை ஒன்றையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டும் ஒரு கோட்டில் வந்ததும் நிறுத்துவார். கீழே ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கும் கப்பலைச் சுற்றிப் பாரையும் கலவாயும் கூடும். தூண்டில் இறக்குவதற்கு முன் கட்டுச்சோற்றில் முதல் பிடியை அள்ளிக் கடலில் போடுவார். ஈயம் கப்பலில் சிக்கி அறுந்தால், "வெள்ளக்காரன் புடிச்சிட்டான்" என்று சிரித்துக்கொண்டே வேறு ஈயம் கட்டுவார். ஈயத்துக்கு அன்றைக்கு அவர் கையில் காசு இருந்ததில்லை. ஆனாலும் அதற்காக ஒருநாளும் முகம் கோணியதில்லை. அவருக்கு இங்கிலாந்து எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. கீழே ஆட்கள் கிடக்கிறார்கள் என்பது தெரியும்.

நீங்கள் ஐம்பது மீட்டருக்கு இறங்கப் பயிற்சி எடுத்தவர். அந்த ஆழத்தில் நிமிடத்தை எண்ணி மூச்சு விடவேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குமிழைத் திருகிக் கழற்றியிருக்கிறீர்கள். அது எந்தக் கதவின் குமிழ்? அந்தக் கதவுக்கு உள்ளே யார் நின்றது? கொழும்புக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த 590 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் கடலில் இருந்து பொறுக்கி எடுத்தது. சிலர் கரைக்கு நீந்தியே வந்தார்கள். மிச்சப்பேர் இன்னும் அங்கேதான். உங்கள் அம்மப்பாவைப் புதைத்த இடத்தில் ஒருவர் வந்து சிலுவையையோ நடுகல்லையோ உடைத்து, "மட்டக்களப்பு ஞாபகம்" என்று கொண்டுபோனால் அம்மா என்ன சொல்வார் என்று அவரிடமே கேளுங்கள். எல்லோரும் எடுக்கிறார்கள் என்று எனக்குப் பதில் எழுதவேண்டாம். ஆளுக்கொரு துண்டாக எடுத்தால் அந்தக் கப்பல் எத்தனை வருடத்துக்குத் தாங்கும்?

கடுமையாக எழுதிவிட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் பிள்ளை என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன், இல்லாவிட்டால் படத்தை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது குமிழைக் கையோடு கொண்டுவாருங்கள். பொதியில் போட்டு அனுப்பவேண்டாம், தொலைந்துவிடும். எனக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கதைத்து வைக்கிறேன். காணொளியை அதற்குப் பிறகு செய்யுங்கள், டாக்காரில் இருந்து தொடங்குங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். ஊர் மட்டக்களப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கல்லடியா நாவற்குடாவா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.