ஆடியில் புக்கெட் போகலாமா? எந்தப் பக்கக் கடல் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: "எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லாமல் நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஆடிக் கடைசியில், ஆகஸ்ட் முதல் வாரம் கிளம்பலாம் என்றிருக்கிறோம். சிங்கப்பூரில் மூன்று இரவு, கோலாலம்பூரில் இரண்டு, புக்கெட் கடற்கரையில் மூன்று, பாங்காக்கில் இரண்டு. அங்கே அப்போது மழைக்காலம் என்று என் தம்பி பயமுறுத்துகிறான். ஏஜென்ட்டோ, 'பெய்தால் அரை மணி நேரம் பெய்யும், அவ்வளவுதான்' என்கிறார். முழுப் பணத்தையும் இந்த வாரமே கட்டினால் விலை குறையுமாம். கட்டலாமா? வீட்டுக்காரர் பாஸ்போர்ட் வரும் ஜனவரி 10 வரை செல்லும்." தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி.

பதில்: கட்டாதீர்கள் ஆச்சி. உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை, மாதத்தையும் மாற்ற வேண்டாம். புக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த மூன்று இரவையும் கோ சமுய் என்ற தீவுக்குக் கொடுங்கள்.

ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, கேரளாவில் மழை விடுவதில்லை. அதே ஆடியில் உங்கள் ஊர் ஊருணி வறண்டு கிடக்கிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தென்மேற்குக் காற்று கொண்டுவருகிற மழையை நடுவில் நிற்கிற மலை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. தாய்லாந்தின் தெற்கு வாலும் இதே கதைதான். நடுவில் மலை. மேற்கே அந்தமான் கடல், அந்தக் கரையில் புக்கெட், கிராபி, பீபீ தீவுகள். கிழக்கே தாய்லாந்து வளைகுடா, அதில் கோ சமுய். புக்கெட்டைக் கேரளாக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், சமுய்யை நம் கரை என்று. புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். சமுய்க்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம்மைப் போலவே. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கொண்டுவிக்கப் போன, அதாவது வணிகத்துக்குப் போன, நம் ஐயாக்கள் இந்தக் காற்றை அறிந்தே கப்பல் ஏறினார்கள். இன்றைக்கு பேக்கேஜ் விற்கிறவருக்கு மட்டும் இது தெரிவதில்லை.

அரை மணி நேர மழை என்பது பல நாட்களில் உண்மைதான். மழை விட்டாலும் கடல் அடங்காது, அதுதான் தொல்லை. ஓர் ஆகஸ்டில் புக்கெட்டின் கரோன் கடற்கரையில் நின்றிருக்கிறேன். நல்ல வெயில். ஆனாலும் கரை நெடுகச் சிவப்புக் கொடி. முழங்கால் தண்ணீரில் நின்றவருக்குக் குதிகாலடியில் இருந்த மணலை அலை உருவிக்கொண்டு போனது, அவர் தடுமாறி உட்கார்ந்தார். காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதி ஊதி அவரை மேலே வரவழைத்தான். நீந்தத் தெரிந்தவர்களையே இழுக்கும் கடல் அது.

ஏஜென்ட் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பாருங்கள். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீரும் வெள்ளை மணலும் இருந்தால், அது மாயா பே என்ற இடமாக இருக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை அதை மூடிவிடுகிறார்கள். அதே கடலில் இருக்கிற சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடல். நீங்கள் போகும் வாரத்தில் இரண்டுமே இல்லை. பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பதியை வேறொரு ஏஜென்ட் இப்படித்தான் அனுப்பிவைத்தார். படகு ரத்து, மூன்று நாளும் ஹோட்டல் அறை. பணத்தைக் கேட்டால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'இயற்கைக் காரணங்களுக்குப் பணம் திரும்பாது' என்று இருந்தது. அந்த அம்மா அந்த ரசீதை என் மேஜையில் வைத்து அழுதார்.

சமுய் போவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார். பாங்காக்கிலிருந்து நேராக விமானம் உண்டு. ஆனால் அந்த விமான நிலையமே பாங்காக் ஏர்வேஸ் நிறுவனத்தின் சொந்தம், அதனால் டிக்கெட் விலை அதிகம். மலிவாகப் போக வேண்டுமானால் பாங்காக்கிலிருந்து சூரத் தானி வரை விமானம், அங்கிருந்து டான்சாக் துறைக்கு பஸ், பிறகு ஒன்றரை மணி நேரம் பெரிய படகு. காரும் லாரியும் ஏறுகிற படகு அது, பயப்பட வேண்டாம். ஆனால் சூரத் தானியில் காலையிலேயே இறங்குங்கள், மாலையில் இறங்கினால் படகைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இன்னொன்று: பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமி, டான் முயாங். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் நகரம் முழுக்க நெரிசல். டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: தீபாவளி விடுமுறைக்கு இந்தப் பதிலை நம்பி சமுய் போய்விடாதீர்கள். அப்போது அங்கே நம் ஊர் மழைதான். தை, மாசியில் போகிறவர்களுக்குப் புக்கெட்டே நல்லது.

பாஸ்போர்ட் விஷயம் மழையைவிட அவசரம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே ஆறு மாதம் செல்லுபடி கேட்பவை. ஆகஸ்டிலிருந்து ஜனவரி 10 வரை ஐந்து மாதம்தான் வருகிறது. விமானத்தில் ஏறவே விட மாட்டார்கள். தேதியை அச்சடித்துக் கொடுக்கும் நம் அரசு, 'இதற்கு ஆறு மாதம் முன்பே இது செல்லாக் காசு' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தால் என்ன? எத்தனை குடும்பங்கள் விமான நிலைய வாசலோடு திரும்பி வந்திருக்கின்றன! மறுவெளியீட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. புதிய எண் வந்த பிறகே சிங்கப்பூர் விசாவுக்குப் போடுங்கள், பழைய எண்ணில் வாங்கினால் விசா வீண். அதற்கு முன்பு பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுத்துவைக்கவும் கூடாது. 'எங்ககிட்டயே இருக்கட்டும் ஆச்சி' என்பார்கள். பாஸ்போர்ட் அங்கே இருந்தால் நீங்கள் வேறு ஆளிடம் போக முடியாது, அதற்காகத்தான்.

உங்கள் கொட்டேஷனில் 'மூன்று நாட்டு வருகை அட்டை' என்று தனிக் கட்டணம் இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றின் மின்னணு வருகை அட்டைகளும் இலவசம். அந்தந்த அரசின் இணையதளத்தில் அந்தந்த நாட்டில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் போலி. சிங்கப்பூர் விசாவுக்குப் பணம் உண்டு, அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போட வேண்டும், அவர் கூலி தனி.

முழுப் பணம் கேட்பவரிடம் அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், வங்கி வழியாக. டிக்கெட் போட்டதும் பிஎன்ஆர் எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். 'பிளாக் பண்ணியிருக்கேன்' என்பது டிக்கெட் ஆகாது. டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கிற நாடு இது. லட்சக்கணக்கில் பணம் வாங்குகிற டிராவல்ஸ் ஆளுக்கோ சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வது, கட்டாயம் கிடையாது. ஒரு போர்டும் ஒரு செல்போனும் போதும். இந்த நிலைமை எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை இருக்கும். அது ஏஜென்ட்டின் கூலி அல்ல, உங்கள் பெயரில் அரசுக்குப் போகிற வரி. பான் எண்ணைக் கொடுத்து, பிறகு வருமான வரித் துறையின் பதிவில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கேட்டால் அது உங்கள் பெயருக்குப் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் எவ்வளவு என்று ஆடிட்டரிடமே கேளுங்கள். 2023 அக்டோபரில் ஒரு கணக்கு, 2025 ஏப்ரலில் வேறு வரம்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் சாதாரண மனிதர் எதை நினைவில் வைப்பது?

பாங்காக் நிகழ்ச்சியில் 'ஜெம் ஃபேக்டரி', அதாவது ரத்தினக் கல் கடை, என்று இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் வாங்குவதில் அழைத்துப்போகிறவருக்குக் கமிஷன். 'பெண்களுக்கு 40 கிராம் தங்கம் வரியில்லை' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அது ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கானது, பத்து நாள் பயணத்துக்கு அல்ல. கழுத்தில் தாலிச் சங்கிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனத்த நகைகள் போடத்தான் வேண்டும் என்றால், திரும்பும்போது வரி கேட்காமலிருக்க, கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள்.

ஜெம் ஃபேக்டரிக்குப் போகாத நேரத்தைச் சிங்கப்பூரில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் கொடுங்கள். 1859இல் நம் நகரத்தார் எழுப்பிய கோயில், பெரும்பாலான பேக்கேஜ்களில் பெயர்கூட இருப்பதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பகலில் நடை சாத்திவிடுவார்கள்.