முன்னாடியே வளர்ந்துவிட்ட பையன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஐந்தடி எட்டு அங்குலம் இருக்கிறான், மீசையும் அரும்பிவிட்டது. குறுவட்டப் போட்டியில் 100 மீட்டர், நீளம் தாண்டுதல் இரண்டிலும் முதலிடம், மாவட்டத்திலும் ஜெயித்தான். இனி 100 மீட்டர் மட்டும்தான், தினமும் இரண்டு வேளை பயிற்சி என்கிறார் பி.டி. மாஸ்டர். மற்ற பெற்றோர்களோ வயதைக் குறைத்துச் சேர்த்திருக்கிறோம் என்று காதுபடப் பேசுகிறார்கள். இப்படிச் சின்ன வயதில் ஜெயிப்பவர்கள் பிறகு காணாமல் போய்விடுவார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உசேன் போல்ட் 15 வயதிலேயே ஜெயித்தவர்தானே? எதை நம்புவது?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

காதுபடப் பேசுகிறவர்களை முதலில் விடுங்கள். பையன்கள் மளமளவென்று உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், சிலருக்கு 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 16 ஆகும். ஒரே வருஷம் பிறந்து ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு பையன்களின் எலும்பு வயதில், அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கில், நாலைந்து வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம். உங்கள் மகனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அவன் வாங்கும் மெடலில் திறமைக்கு எவ்வளவு, இந்த வளர்ச்சிக்கு எவ்வளவு என்று இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாஸ்டராலும் முடியாது.

நான் ஒன்பதாவது படித்தபோது என் வகுப்பில் ஒருவன் இருந்தான். நீளம் தாண்டுதலில் அவன் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. பிளஸ் ஒன்னில் மூன்றாவதாக வந்தான், அடுத்த வருஷம் பள்ளி அணியிலேயே இடமில்லை. அவன் தாண்டிய தூரம் குறையவே இல்லை, மற்றவர்கள் வளர்ந்து வந்து அவனைத் தொட்டுவிட்டார்கள். இதை அவனுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை, சோம்பேறி ஆகிவிட்டான், தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் திட்டினார்கள், அவனும் அதை நம்பி மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, போல்ட். 2002-ல் கிங்ஸ்டனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், சொந்த நாட்டு மக்கள் முன்னால், 200 மீட்டரை 20.61 விநாடியில் ஓடி ஜெயித்தார். வயது 15, உயரம் அப்போதே ஆறடி ஐந்து அங்குலம். எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார், 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் மறுபடியும் காயம், கடைசி இடம். முதுகெலும்பு வளைவு வேறு இருந்தது. ஏதென்ஸுக்குப் பிறகு வந்த பயிற்சியாளர் கிளென் மில்ஸ் அவசரப்படவில்லை, முதலில் உடம்பைச் சரிசெய்தார், ஓடும் முறையைத் திருத்தினார். 100 மீட்டர் ஓட வேண்டும் என்று போல்ட் கேட்டுக்கொண்டே இருந்தும் 2007-ல்தான் சம்மதித்தார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.69 விநாடியில் ஓடி ஜெயித்தது அதற்கு அடுத்த வருஷம். அப்பேர்ப்பட்டவருக்கே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது, உங்கள் மாஸ்டர் எட்டாம் வகுப்பிலேயே ஒரே ஓட்டத்தில் கட்டிப்போடப் பார்க்கிறார். எனக்கு இதில் சம்மதமே இல்லை. நீளம் தாண்டுதலை விட வேண்டாம், ஹர்டில்ஸ் ஓடட்டும், ஃபுட்பால் ஆடட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் ஃபுட்பால் கிளப்புகளின் அகாடமிகள் வயதைப் பார்க்காமல், பெரியவர்களானதும் எட்டப்போகும் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டுப் பையன்களைச் சேர்த்து ஆடவைத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்களுக்கு ஆட்டம் கடினமாகிவிட்டது. வழக்கமாக இடித்துத் தள்ளி ஜெயித்தவர்கள் அன்றைக்குப் பாஸ் கொடுக்க வேண்டியிருந்தது, யோசித்து ஆட வேண்டியிருந்தது. உங்கள் மகனையும் பயிற்சியில் பத்தாவது, பிளஸ் ஒன் அண்ணன்களோடு ஓடவிடுங்கள். தோற்கட்டும். ஸ்டார்ட்டையும் கை வீச்சையும் அங்கேதான் கற்றுக்கொள்வான், தன் வயதுப் பையன்களோடு ஓடும்போது அவனுக்கு அது தேவைப்படவே இல்லை.

அதே மாதிரி, இன்றைக்கு அவனிடம் தோற்கும் குட்டிப் பையன்களையும் மாஸ்டர் கழித்துவிடக் கூடாது. ஃபுட்பால் வீரர் ஆன்டுவான் கிரீஸ்மனைக் குள்ளம் என்று பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பின, ஸ்பெயினுக்குப் போய் ஆடக் கற்றுக்கொண்டவர் 2018-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை ஜெயித்தார்.

வளரும் எலும்பின் நுனி மிருதுவாக இருக்கும், தசைநார் இழுக்கிற இடத்தில் வலி வரும், முக்கியமாக முட்டிக்குக் கீழேயும் குதிகாலிலும். வளர்கிற பையன் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், ஓய்வு கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வேளைப் பயிற்சி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், பிறப்புச் சான்றிதழ், பள்ளி ஆவணம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இந்திய கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. வயதை மாற்றுகிறவர்களைப் பிடிக்க வந்த சோதனைதான், ஆனால் நிஜமாகவே சீக்கிரம் வளர்ந்த பையனும் அதில் மாட்டிக்கொள்ள முடியும். உங்கள் மகன் நாளைக்கு எந்த விளையாட்டுக்குப் போவான் என்று இப்போது சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 16, 17 வயதில் மற்ற பையன்கள் அவனை எட்டிப் பிடிப்பார்கள் என்பதை இப்போதே, ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, அவனிடம் சொல்லிவையுங்கள். நீ மெதுவாகிவிட்டதாக அர்த்தம் இல்லை, அவர்கள் அப்போதுதான் வளர்கிறார்கள் என்று சொல்லுங்கள். மாஸ்டர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.