குழுவில் 600 பேர், ஓடைக்கரையில் 7 பேர்

வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஊர் ஓடையில் ராத்திரி லாரியில் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் 600 பேர் இருக்கிறோம். ‘ஞாயிறு காலை அனைவரும் திரளாக வாரீர்’ என்று போட்டதும் கட்டைவிரலும் கைகூப்பும் குவிந்தன. வந்தது 7 பேர். எங்கே தப்பு?
– வாசகர், வேலந்தாவளம்

‘அனைவரும்’ என்ற சொல்லில்தான். அப்படிக் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டதாகத்தான் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வார்கள்.

குழுவை இரண்டாக்குங்கள். 600 பேர் உள்ளதை வெறும் அறிவிப்புப் பலகையாக மாற்றி, அட்மின்கள் மட்டும் செய்தி போடலாம் என்று செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். குட்மார்னிங் ரோஜாவுக்கும் மனை விற்பனைக்கும் நடுவில் உங்கள் அறிவிப்பு புதையாது. வேலைக்கு 12, 15 பேர் கொண்ட தனிக் குழு, தெருவுக்கு ஒருவர். அவர் பொறுப்பில் 15 வீடு. முதல் நாள் சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் அவர் போன் போட்டுப் பேச வேண்டும். கட்டைவிரல் காட்டிவிட்டு வராமல் இருப்பது சுலபம். வாயால் ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கக் கொஞ்சம் கூச்சம் வரும்.

அறிவிப்பு இந்த அளவில் இருந்தால் போதும்: ‘ஞாயிறு காலை 7.30, பால் சொசைட்டி முன்னால். 8 மணிக்கு வார்டு மெம்பர் வருகிறார். ஒரு மணி நேர வேலை. பேனா கொண்டுவரவும்.’ எப்போது முடியும் என்று சொல்லாத கூட்டத்துக்குக் கோயம்புத்தூர் பஸ் பிடிக்க வேண்டியவர் வரமாட்டார். ‘வருகிறீர்களா?’ என்று வாக்கெடுப்பு வைக்காமல், வேலையைப் பிரித்து வையுங்கள்: மனு எழுத, படம் எடுக்க, வீடு வீடாகக் கையெழுத்து வாங்க, வயதானவர்களை வண்டியில் கூட்டிவர. எதைத் தொட்டாரோ அந்த வேலைக்கு அவர் பெயர்.

தமிழக–கேரள எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கல். பாட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியும், மலையாள மீடியத்தில் படிக்கும் பேரனுக்கு மலையாளம். இரண்டு எழுத்திலும் போட்டு, உங்கள் ஊர்ப் பேச்சில் 40 விநாடி வாய்ஸ் ஒன்றும் சேருங்கள். எழுத்தை விட வாய்ஸைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள்.

குழு இல்லாமல் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்புகிறவர்களுக்கு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியில் இரட்டை அம்புக்குறி விழும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் தள்ள முடியும். தெருப் பொறுப்பாளர்கள் ஃபார்வர்டு செய்யாமல், காப்பி எடுத்துத் தாமே ஒட்டட்டும்.

குப்பையைப் படம் எடுத்துப் போட்டோம். ‘இது எங்கே, எப்போது எடுத்தது?’ என்று திருப்பிக் கேட்கிறார் அதிகாரி. என்ன சொல்வது?
– வாசகர், புளியரை

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும்; எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரமும் உதிர்ந்துவிடும். லொகேஷனை ஆன் செய்து எடுங்கள், ‘டாகுமென்ட்’ வழியாக அனுப்புங்கள், மூலப் படத்தை எடுத்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றின் பிரதியைக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. ஃபார்வர்டு ஆகி வந்த படத்துக்கு அதில் யார் கையெழுத்துப் போடுவது?

எடுக்கும் விதமும் முக்கியம். முதலில் தூரத்திலிருந்து ஒன்று, கிலோமீட்டர் கல்லோ மின்கம்ப எண்ணோ தெரியும்படி. பிறகு குவியல் முழுசாக. கடைசியில் நெருக்கத்தில். மருத்துவக் கழிவு என்றால் பையில் பார்கோடு இருக்க வேண்டும் என்பது 2016 விதி. அதுவும், நடுவே கிடக்கும் சீட்டும்தான் குப்பைக்கு விலாசம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கொட்டிய கழிவு கேரளத்து ஆஸ்பத்திரிகளுடையது என்பதை உள்ளே கிடந்த காகிதங்களே காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது.

ஊசி கலந்திருக்கும், கையால் கிளறாதீர்கள். சீட்டில் நோயாளி பெயர் இருந்தால் பொதுவில் போடும் படத்தில் அதை மறையுங்கள். மறைக்காத படம் அதிகாரிக்கு மட்டும். லாரி சோதனைச்சாவடி வழியாகத்தான் வந்திருக்கும் என்றால், அன்றைய கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மறுநாளே கடிதம் கொடுங்கள். பழைய காட்சியின் மேல் புதுசு பதிவாகிக்கொண்டே இருக்கும்; ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஒன்றும் மிஞ்சாது.

குழுவில் யாரோ எதையோ போட்டால் அட்மினைப் பிடிப்பார்களாமே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றவாளி ஆக மாட்டீர்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் இதைச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பதிவை நீங்களே எடுத்து நாலு பேருக்குத் தள்ளிவிட்டால் கதை வேறு.

போலீஸை விட எங்களுக்குக் கவலை தருவது, லாரி முதலாளி மேல் இருந்த கோபம் ‘மலையாளி’, ‘பாண்டி’ (தமிழரை இழிவாகச் சொல்வது) என்று திரும்புவது. பேச்சு அந்தப் பக்கம் போன அன்றைக்கே உங்கள் பக்கம் நின்ற பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அழித்துவிட்டு, போட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவுக்குள் வாதாடினால் அதுதான் அன்றைய செய்தி ஆகும்.

ஹேஷ்டேக் ஒரு நாள் முழுக்க ஓடியது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. மனுவைத் தமிழில் கொடுக்கலாமா?
– வாசகர், தேவிகுளம்

‘நீதி வேண்டும்’ என்ற ஹேஷ்டேக்குக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல முடியாது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தோட்டத் தொழிலாளிகள் கேட்டவை இரண்டே எண்கள்: 20 சதவீத போனஸ், 232 ரூபாயாக இருந்த நாள்கூலி 500 ஆக வேண்டும். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. கூலி பிறகு நடந்த பேச்சில் 301 ரூபாயில் நின்றது. கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கலாம். உங்கள் பதிவிலும் எந்த அலுவலகம், என்ன உத்தரவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்கட்டும். மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் படமெடுத்து அதோடு ஹேஷ்டேக் போடுங்கள், முன்கூட்டியே வேண்டாம். நடுவில் இடைவெளியோ கோடோ விட்டால் ஹேஷ்டேக் அறுந்துபோகும்.

தமிழில் தாராளமாகக் கொடுக்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மனுவின் தலையிலேயே இதை ஒரு வரி குறிப்பிடுங்கள்.

மனு தூங்கினால் 10 ரூபாய் கோர்ட்பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இதற்கு மட்டும் மலையாளமோ ஆங்கிலமோ நல்லது. அந்தச் சட்டம் பெயர் சொல்வது ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி. பதிலுக்கு 30 நாள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ‘பின்’ (pin) செய்து, அதாவது சாட்டின் மேலேயே குத்தி வைக்கும் உச்ச அவகாசமும் 30 நாள்தான். தபால் போய்ச் சேர்ந்த அன்றைக்கு ரசீதைக் குழுவில் பின் செய்யுங்கள். அந்த ‘பின்’ தானாக விழும்வரை பதில் வரவில்லையென்றால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் கையில் இருக்கிறது.